ஞானாபரணம் டாக்டர் கீறாத கட்டி

"ராயபுரம் மெடிக்கல் ஸ்கூல்லயே படிச்சு முடிச்சுட்டேன். இனிமே எனக்குச் சொல்லித்தர ஒருத்தன் பொறந்துதான் வரணும்" என்று ஆம்பூரில் இருபது வருஷமாக முழங்கி வந்தவர் டாக்டர் ஞானாபரணம். எந்தக் கட்டியானாலும் கீறிவிடுவார். கீறிய பிறகு இரண்டு பேர் போய்ச் சேர்ந்ததை ஊர் மரியாதையாக விதியின் தலையில் போட்டது.

1931இல், வைத்தியம் பார்த்துவரும் டாக்டர்களுக்கு வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் வகுப்பு என்று கடிதம் வந்தது. வாத்தியார்களைத் திருத்தவே போவதாக அறிவித்தார்.

"அப்போ புது நோட்டு இன்னாத்துக்கு?" என்றாள் மனைவி சாரா.

"அவங்க தப்பை எழுதிக்க வேணாமா?"

நோட்டு நிரம்பித் திரும்பியது. மறுவாரம், தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத்தோல் சுமக்கும் காசிநாதன் கையில் கறுத்த கொப்புளத்தோடு வந்தான். வலி இல்லையாம்.

"சீக்கிரம் கீறி வுடுங்க டாக்டரய்யா, வேலைக்குப் போவணும்."

கத்தியை எடுத்தவர், அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டினார். வலியில்லாத கறுத்த கொப்புளம் என்றால் மாட்டுத்தோலிலிருந்து ஒட்டும் அடைப்பான் என்ற ஆந்த்ராக்ஸ் நோய், கீறினால் விஷம் ரத்தத்தில் ஏறும் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

கத்தியைக் கீழே வைத்தார்.

"இதைக் கீறக் கூடாதுப்பா. எனக்கே போன வாரந்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்று, காத்திருந்தவர்கள் முன்னாலேயே மெதுவாகச் சொல்லிவிட்டு, அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தானே அழைத்துப் போனார்.