அண்ணனுக்காக நான் சொன்ன ஒரு வார்த்தை

போன வருடம் ஆடி மாதம். பெங்களூரு தொம்மலூரில், நான் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ஆபீசில் நடந்தது இது.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அண்ணன் இன்ஜினியரிங் முடித்தவன். மர்பி டவுனில் எங்கள் சந்திலேயே முதல் டிகிரி அவனுடையதுதான். அம்மாவுக்குத் தெரு பெருக்கும் வேலை. படிப்பு முடிந்து ஒன்றரை வருடமாகியும் அவனுக்கு எதுவும் அமையவில்லை. எங்கள் ஆபீசிலேயே இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டபோது, "அங்க என்னைப் பாத்தா தெரியாத மாதிரி இருடீ, டென்ஷன் ஆயிடுவேன்" என்று சிரித்தான். சரி என்றேன்.

ஆனால் அந்த ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. இடம் காலியானால் உள்ளே இருப்பவர்கள் தெரிந்தவர்கள் பெயரைச் சொல்வார்கள். "என் ஃப்ரெண்டு மேடம், நல்ல பையன்." அடுத்த மாதம் அந்தப் பையன் கழுத்தில் ஐடி கார்டோடு வந்து நிற்பான். காபி கொடுக்கும்போது எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எனக்கு இந்த வேலை கிடைத்ததும் பக்கத்து வீட்டு அக்கா சூப்பர்வைசரிடம் சொன்னதால்தானே?

அதனால் எச்.ஆர். மேடத்துக்குக் காபி வைக்கும்போது வாய்விட்டுவிட்டேன். "மேடம், பதினொரு மணிக்கு வர்றது என் அண்ணன். ரொம்ப நல்லவன். கொஞ்சம் பாத்துக்கோங்க."

"ஹௌதா, அப்படியா? உங்க அண்ணனா?" என்றார். என் யூனிஃபார்மைப் பார்த்தார். அப்புறம் கையிலிருந்த அண்ணனின் பயோடேட்டாவைப் பார்த்தார்.

இன்டர்வியூ அறைக்கு நான்தான் தண்ணீர் கொண்டுபோனேன். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டில், "எப்படிண்ணா போச்சு?" என்றேன்.

"கேட்டதுக்கெல்லாம் சொன்னேன். கடைசியில, 'ஹவுஸ்கீப்பிங்ல இருக்கிறது உங்க தங்கையா'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா மேடம், என் தங்கச்சிதான். அவ வேலைக்குப் போனதாலதான் நான் படிச்சேன்னு சொன்னேன்."

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வேலை டீம் லீடர் சொன்ன பையனுக்குப் போனது. ஒரு வாரம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டு, "ஸ்டோர் ரூம் பாத்துக்க ஒரு ஆள் வேணும். உங்க அண்ணன் வருவாரா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். வீட்டில் போய்ச் சொன்னேன். "ஓஹோ, உனக்கு ஜூனியராவா?" என்று சிரித்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

ஐப்பசியில் டெங்கு. நான்கே நாள், அண்ணன் போய்விட்டான். அதுவரை எங்கேயும் வேலை கிடைக்கவில்லை.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா, எனக்குத் தெரியாது. இப்போதும் அந்த அறைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன். அங்கே உட்கார்ந்து "என் தங்கச்சிதான்" என்று சொன்னவனிடம், "அதைச் சொன்னது நான்தாண்ணா" என்று ஒரு தடவைகூடச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.