செவலை ஆடு

எழுபதுகளில் நான் புதுவாயல் தபால் ஆபீசில் வேலை பார்த்தபோது, கடிதம் படித்துக் காட்டச் சொல்லி ஒரு மீன்காரம்மா வருவார். வெயிலில் வற்றிய முகம். இடுப்புக் கூடையை இறக்கவே மாட்டார். விசாகப்பட்டினத்துக்குப் படகு வேலைக்குப் போன கணவரின் கடிதம். ஒவ்வொரு தடவையும் கையெழுத்து வேறாக இருக்கும். ஆனால் கடைசி வரி மட்டும் மாறாது: “செவலை ஆடு எப்படி இருக்கிறது?” அதைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார்.

ஒருநாள் வந்த கடிதத்தில், நலமாக இருக்கிறேன், கவலைப்படாதே என்று நிறைய எழுதியிருந்தது. படித்து முடித்தேன். அவர் நகரவில்லை.

“ஆட்ட பத்தி இன்னா எழுதிக்கிறாரு சார்?”

“ஒண்ணும் இல்லியேம்மா.”

முதல் தடவையாகக் கூடையைக் கீழே வைத்தார்.

“எங்க ஊட்ல ஆடே கெடயாது சார். அவருக்கு எழுதத் தெரியாது. யாரு எழுதினாலும், ஆட்ட கேட்டிருந்தாதான் அது நான் சொன்னதுன்னு சொல்லிட்டுப் போனாரு. இத யாரோ பாவம் பாத்து எழுதிக்கிறாங்க.”

அவர்களுடைய கடிதங்களையெல்லாம் படித்தவன் நான். எனக்கே அது தெரியாது. தெரிந்திருந்தால், இல்லாத அந்த ஆட்டை அன்று கடைசி வரியாக நானே சேர்த்துப் படித்து விசாரித்திருப்பேன்.