வேப்பிலை அரைத்த கை

பி.எட். தேர்வில் 'வாய்ப்பருவம் - சிறுகுறிப்பு வரைக' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கைக்குழந்தைக்கு உலகமே வாய் வழியாகத்தான் வருகிறது. பால், விரல், மண், கொலுசு எல்லாவற்றையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. அந்த வயதில் பாலைத் திடீரென்று நிறுத்தினால் அந்த ஏமாற்றம் வளர்ந்த பிறகும் உள்ளே தங்கிவிடும் என்று உளப்பகுப்பாய்வு சொல்கிறது. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதினேன். எடுத்துக்காட்டு தரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டிலேயே ஒன்று இருந்தது.

அந்தப் பாடம் பிறகுதான் வந்தது. வேப்பிலை முதலில் வந்துவிட்டது.

அப்போது என் மகளுக்குப் பதினோரு மாதம். கற்பித்தல் பயிற்சிக்காக என்னைக் கல்வராயன் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போட்டிருந்தார்கள். நாற்பது நாள் அங்கேயே தங்க வேண்டும். கணவர் உளுந்தூர்பேட்டையில் பரோட்டா மாஸ்டர். வாரம் ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அக்கா இருந்தாள். கூலி வேலைக்குப் போகிறவள்.

"நான் பாத்துக்கிறேன், நீ போ. கழனிக்குப் போனாலும் தூக்கிகினு போறேன். ஆனா பால மறக்க வெச்சிட்டுப் போ. இல்லன்னா புள்ள ஏங்கிப்பூடும்" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்குத் தலைக்கு மேல் இருந்தது. அக்கா வேப்பங்கொழுந்து பறித்துக்கொண்டு வந்து அம்மியில் வைத்தாள். நான் குழவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நீ தொடாதடி. நான் அரைக்கிறேன். அரைச்சத ஒரு குச்சியால தடவிக்க."

"என் புள்ளைக்கு நானே அரைச்சிக்கிறேன்."

அரைக்கிற வேலையைத் தாய் செய்யக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் தெரியும். ஏன் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படித்தவளுக்கு என்ன கேள்வி? வழித்தெடுத்து என் கையாலேயே மார்பில் தடவிக்கொண்டேன்.

மகள் வழக்கம்போலத் தவழ்ந்து வந்து மடியில் ஏறினாள். ஒரு வாய் இழுத்ததும் முகம் சுருங்கியது. விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையால் அந்தப் பச்சையைத் துடைத்துவிட்டு மறுபடி வாயை வைத்தாள். மறுபடியும் கசந்தது. அடுத்த பக்கம் போனாள். அங்கேயும் அதே கசப்பு. அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன்.

மதியம் வரை தாங்கிவிட்டோம். பசித்திருப்பாள் என்று பருப்புச் சோறு குழைத்தேன். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். முதல் கவளத்தை ஆசையாக வாங்கினாள். வாங்கியவள் அப்படியே துப்பினாள். என் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். என் விரலை நானே நக்கிப் பார்த்தேன். கசந்தது. நகக்கண்ணில் பச்சை அப்படியே இருந்தது.

அக்கா ஓடிவந்து தட்டைப் பிடுங்கினாள். "இதுக்குத்தான்டி தொடாதன்னேன்! பாலு கசந்தா சோத்தக் காட்டி ஆத்தலாம். கையே கசந்தா இன்னாத்தக் காட்டி ஆத்துவ?" என்று திட்டிவிட்டு வேறு சோறு பிசைந்து ஊட்டினாள். அவள் கையில் மகள் தட்டைக் காலி செய்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கள்ளக்குறிச்சி போய் மலைக்குப் பஸ் ஏறினேன்.

மலையில் முதல் வாரம் உடம்பு என்னைப் பாடாய்ப் படுத்தியது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ரவிக்கை நனைந்துவிடும். யார் வீட்டுக் குழந்தை அழுதாலும் மார்பு கல்லாக இறுகும். பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினேன். பீய்ச்சிய பாலைக் கால் படாத இடத்தில், ஒரு கொய்யாச் செடியின் அடியில் ஊற்றினேன். அந்தச் செடிக்குக் கிடைத்தது என் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

ஒருநாள் பள்ளி வாசலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மூத்த மகனைச் சேர்க்க வந்தவர். மூன்று வயதுப் பெண் குழந்தை நின்றபடியே அவரிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"எப்போ மறக்க வெப்பீங்க?" என்று கேட்டேன்.

"நான் வெக்கிறதில்லீங்க டீச்சர். பெரியவன் அதுவா வுட்டுட்டான். இதுவும் வுட்டுடும்."

நான் வேப்பிலையைப் பற்றிச் சொன்னேன். அவர், "கசக்குமேங்க" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கோபம் யார்மேல் என்று தெரிகிறது.

நாற்பது நாள் முடிந்து வந்தேன். மகள் என்னை மறக்கவில்லை. தூக்கிக்கொண்டேன், கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மார்பைத் தேடவே இல்லை. அக்கா, "பாத்தியா, மறந்துடுச்சி" என்று பெருமையாகச் சொன்னாள். பையிலிருந்து பன் எடுத்துப் பிய்த்துக் கொடுத்தேன். மகள் வாயைத் திறக்கவில்லை. நாக்கு நுனியை மட்டும் நீட்டி என் விரலைத் தொட்டாள். ருசி பார்த்தாள். பிறகுதான் பன்னை வாங்கினாள். அதே பன்னை அக்கா கொடுத்தபோது சோதனை எதுவும் இல்லை.

அதற்கடுத்த மாதம்தான் வகுப்பில் வாய்ப்பருவம் நடத்தினார்கள். எழுந்து நின்று, "அப்படித் தங்கிட்டா அப்பறம் சரிபண்ண முடியாதா சார்?" என்று கேட்டேன். "அது சிலபஸ்ல இல்லம்மா" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

புளி போட்டும் எலுமிச்சம் பழம் போட்டும் கையைத் தேய்த்திருக்கிறேன். உள்ளங்கையில் சர்க்கரை வைத்து நீட்டியிருக்கிறேன். இப்போது அவளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். இன்றைக்கும் என் கையால் ஊட்டினால் முதலில் நாக்கு நுனிதான் வரும். ஏன் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. பள்ளி முடிந்து வந்தபோது அக்கா சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். கசப்பு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறாள், மகள் துப்பிவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்திருந்த கணவர் மடியில் வைத்துக் கொஞ்சிப் பார்த்திருக்கிறார், அப்போதும் துப்பிவிட்டாள். நான் தேன்கூட இல்லாமல் தண்ணீரில் கரைத்து ஸ்பூனை நீட்டினேன். நாக்கை நீட்டவில்லை. சோதிக்கவில்லை. நேராக வாயைத் திறந்து ஒரே மடக்கில் விழுங்கினாள். முகம்கூடச் சுளிக்கவில்லை.

"எங்க யாருகிட்டயும் குடிக்கலடி. உன் கையின்னா மட்டும் எவ்ளோ சமத்தா குடிக்குது பாரு" என்றாள் அக்கா.

மகள் என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். என் கையிலிருந்து கசப்பு வரும் என்று அவள் எப்போதும் எதிர்பார்த்தே இருந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அது சரியாக வந்தது.