ஸ்டீமக்கா கேட்காத இரண்டு வரிகள்

அந்தச் சலவை நிலையத்தில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் அந்தப் பெயர் இருக்கிறது. சோப்புத் தூள் மூட்டை இறக்க வரும் வண்டிக்காரரிலிருந்து முதலாளியம்மா வரை எல்லோருக்கும் அவள் ஸ்டீமக்கா.

மருத்துவமனை விரிப்புகள், விடுதிகளின் மேஜைத் துணிகள், ஊர் அரங்கத்தின் திரைச்சீலைகள், எல்லாம் துவைத்துப் பிழிந்து காய்ந்து கடைசியில் அவள் கைக்குத்தான் வரும். துணியை பிரஸ் மெஷினில் நீவி விரிப்பாள். மேல் பலகையை இறக்குவாள். வலது காலால் பெடலை மிதிப்பாள். உஸ்ஸென்று ஆவி கிளம்பும். இருபது வருடங்களாக இதே மிதிதான். அவளுடைய வலது செருப்பு எப்போதும் இடது செருப்புக்கு ஆறு மாதம் முன்னாலேயே தேய்ந்துவிடும்.

அவளுக்கு எதிர்ப்பக்கம், துவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவன் நுரை. அவனும் பெயரை இழந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒரு வாளி சோப்புத் தூளைக் கொட்டினான். நுரை பொங்கித் தெருவரைக்கும் போனது. அன்றோடு பெயரும் போனது. இரண்டு பேருக்கும் நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. ஈர பூட்ஸோடு அதைத் தாண்டி ஸ்டீமக்காவின் பக்கம் கால் வைத்தால் அவ்வளவுதான். தாண்டியவன் அன்று முழுக்கப் பாட்டுக் கேட்க வேண்டும்.

பாட்டு என்றதும்தான் அந்த இன்னொரு பாட்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அலமாரி மேல் இருக்கும் ரேடியோவில் ஒரு குறிப்பிட்ட பழைய பாடல் வந்தால் அந்தச் சலவை நிலையத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். முதல் சரணம் வரை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவது சரணத்தில், "படி இறங்கிப் போன பின்பு கதவு சாத்தத் தோன்றுமா" என்ற வரி முடிந்ததும் ஸ்டீமக்கா பெடலை ஓங்கி மிதிப்பாள். ஒரு மிதி, உடனே இன்னொரு மிதி. அந்த இரைச்சலில் சரியாக இரண்டு வரிகள் மறைந்துபோகும். பிறகு காலை எடுத்துவிடுவாள். பாட்டு பல்லவிக்குத் திரும்பியிருக்கும்.

பாய்லர் பழுதான நாட்களில் ஆவி இருக்காது. அப்போது அந்தப் பொறுப்பை நுரை எடுத்துக்கொள்வான். இரண்டு உள்ளங்கைகளையும் வாயருகே குவித்து, "உஸ்ஸ்ஸ்" என்று பிரஸ் மெஷினை விடச் சத்தமாக ஊதுவான். போகப் போக டீக்கடை, பேருந்து என்று எங்கே அந்தப் பாட்டு கேட்டாலும், அக்கா பக்கத்தில் இல்லாவிட்டாலும், அவன் வாய் தானாகக் குவிந்துவிடும்.

காரணம் ஒரு கேசட்.

இருபத்து நான்கு வருடங்களுக்கு முன், கல்யாணமான புதிதில், அவள் கணவன் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தான். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒரு வாரம் பணிமனையிலேயே போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த பழைய டேப் ரெக்கார்டர் நாடாவைக் கடித்துத் துப்பிவிட்டது. கசங்கிய இடத்தைக் கத்தரித்து, இரண்டு முனைகளையும் ஒட்டினான். மறுபடி போட்டபோது அந்த இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், உடனே பல்லவி.

"நடுவுல என்னங்க போச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டு வரி. நீ கேட்டிருக்க வேண்டிய ரெண்டு வரி."

"அப்படி என்ன அதுல?"

"நீ திட்டறதை நான் ஏன் காதுலயே போட்டுக்கறதில்லைன்னு அதைக் கேட்டா உனக்குப் புரியும்."

"அப்ப பாடிக் காட்டுங்க."

"நான் பாடினா பக்கத்து வீட்டுக்காரன் காலி பண்ணிட்டுப் போயிடுவான். ஒரு நாள் இதைப் பாடினவர் கச்சேரிக்கே கூட்டிட்டுப் போறேன். அவர் வாயால கேளு."

திட்டுவது உண்மைதான். அவன் பணிமனையிலிருந்து ஈரமும் எண்ணெயுமாக வந்து, அவள் துடைத்து வைத்த தரையில் அழகாகத் தடம் பதிப்பான். அவள் கத்துவாள். "நீ என்னைக் கட்டிக்கிட்டியா, தரையைக் கட்டிக்கிட்டியா?" என்று சிரிப்பான். போட்டு வைத்த டீ ஆறிப்போயிருக்கும். "இனிமே சுட வைக்கவே மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைப்பாள்.

மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது, ஒரு மழைக் காலையில் வேலைக்குக் கிளம்பியவன் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தான். நடு வீடு வரை சேற்றுத் தடம். "செருப்பைக் கழட்டிட்டு வாங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது" என்று அவள் சீறினாள். அவன் ஒன்றும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் பணிமனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அவனோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். இருபத்தொரு வருடங்களாக அந்த ஒரு வாக்கியம் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. அன்று அவன் ஏன் சிரிக்கவில்லை? மனது நொந்து போனானா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. மிச்சம் இருந்தது அந்த இரண்டு வரிகள் மட்டும்தான்.

மகள் வளர்ந்து நர்ஸாகி, கையில் போன் வந்த பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "அம்மா, ஒரு நிமிஷம் போதும். இதுலயே இருக்கு."

"வேண்டாம். உங்கப்பா நேர்ல கேட்க வைக்கிறேன்னு சொன்னார். இதுல கேட்டுட்டா அவர் சொன்னது பொய்யாயிடும்."

இந்த நிலையில்தான் அந்தப் பாடகரே ஊருக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கச்சேரி. அரங்கத்தின் திரைச்சீலையும் இருக்கை உறைகளும் முந்தின வாரம் சலவைக்கு வந்தன. திருப்பி வாங்க வந்த அரங்க மேலாளர், அவள் அந்தப் பாடகரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து இரண்டு அனுமதிச் சீட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். மகளுக்கு அன்று மருத்துவமனையில் வேலை. இன்னொரு சீட்டு நுரைக்குப் போனது.

"உங்க ஆளு அந்தப் பாட்டைப் பாடுவாராக்கா?"

"பாடாம இருப்பாரா? அதைப் பாடாம விட்டா ஜனங்க விடுவாங்களா?"

"உங்களுக்கு இப்பவே நினைப்பு இங்க இல்லை. சட்டையைக் கருக்கிடாதீங்க. என்கிட்ட நல்லது இது ஒண்ணுதான்."

அவனுடைய அந்த ஒரே நல்ல சட்டைக்கும் அவள்தான் மடிப்புக் கலையாமல் பிரஸ் போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, அரங்கத்தில் எட்டாவது வரிசை. தான் நீவிக் கொடுத்த உறையின் மேலேயே உட்காருவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நுரை தன் உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். வெற்றிலை அளவில் ஒரு பழுப்புத் தடம்.

"போன வருஷம் நீங்க கருக்கினது. எனக்குன்னே எடுத்து வச்சிருக்காங்க பாருங்க."

"மெதுவாப் பேசு. மேலாளர் காதுல விழப்போகுது."

விளக்கு அணைந்தது. பாடகர் வந்தார். கேசட் அட்டையில் கருகருவென்று முடியோடு பார்த்த முகம் இதுதானா என்று அவள் கண்களை இடுக்கிக்கொண்டாள். எழுபது வயதிருக்கும். நாற்காலியைப் பிடித்துத்தான் உட்கார்ந்தார். முதல் பாட்டில் குரல் மேலே ஏற மறுத்தது. இரண்டாவதில் மூச்சு வாங்கினார். பின் வரிசையில் யாரோ, "வீட்டுல இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தார்கள். அவள் மேடையையே பார்த்தாள். இத்தனை வருடம் காத்திருந்தது இதற்கா? அந்தப் பாட்டையும் இப்படித்தான் பாடுவாரா? பாடவே முடியாமல் விட்டுவிடுவாரா?

மூன்று பாட்டு முடிந்து தண்ணீர் குடித்தார். "அடுத்தது பழைய பாட்டு. சுருதியைக் குறைச்சுக்கிட்டுப் பாடறேன். மன்னிச்சுக்கணும்" என்றார்.

அந்தப் பாட்டுதான். கீழே இறங்கிய குரலில் அது வேறு மாதிரி இருந்தது. இளைஞன் பாடியபோது மழையைப் பற்றிய பாட்டாகக் கேட்டது. இந்தக் கிழவர் பாடும்போது, மழையில் போனவனுக்காக ஜன்னலோரம் நிற்கும் ஒருத்தியின் பாட்டாகக் கேட்டது. அவள் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். இரண்டாவது சரணம் தொடங்கியது.

*குடை மறந்து போனவனே மழை நின்று போகுமா*
*படி இறங்கிப் போன பின்பு கதவு சாத்தத் தோன்றுமா*

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்."

காதுக்கு ஒரு சாண் தூரத்தில், நுரை. கண்ணை மூடிக்கொண்டு, கைகளைக் குவித்து, இருபது வருடப் பழக்கத்தில், அடிவயிற்றிலிருந்து ஊதிக்கொண்டிருந்தான். ஒரு மூச்சு, உடனே இன்னொரு மூச்சு. நிறுத்திக் கண்ணைத் திறந்தபோது பாட்டு பல்லவிக்கு வந்திருந்தது. சுற்றிலும் எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பியிருந்தன.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா," என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் பாடகர் ஒலிவாங்கியைக் கிட்டே இழுத்தார். "நடுவுல யாரோ சீறினீங்க. பிடிக்கலைன்னா எழுந்து போகலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். அரங்கம் சிரித்தது.

நுரை எழுந்து நின்றான்.

"ஐயா, நான்தாங்க. வேணும்னு பண்ணலைங்க. நான் துணி துவைக்கிறவன். இந்த அக்கா பிரஸ் போடறவங்க. இவங்க வீட்டுக்காரர் கேசட்டுல ரெண்டு வரி அறுந்து போச்சு. அதை உங்க வாயால நேர்ல கேட்க வைக்கிறேன்னு சொல்லிட்டு அவர் போய்ச் சேர்ந்துட்டார். அதனால அந்த இடம் வந்தா அக்கா காதுல விழக்கூடாதுன்னு நாங்க சத்தம் போட்டு மறைப்போம். இன்னிக்கும் வாய் பழக்கத்துல..." அவன் கைகளைக் கூப்பினான். "கேட்க வந்த அன்னிக்கே நான் கெடுத்துட்டேன்யா."

அரங்கத்தில் சிரிப்பு அடங்கிப்போனது.

"எத்தனை வருஷமா?" என்றார் பாடகர்.

"நான் மறைக்கிறது இருபது வருஷமா. அந்த ரெண்டு வரியைக் கேட்டா, அவங்க திட்டறதை அவர் ஏன் காதுல போட்டுக்கறதில்லைன்னு புரியும்னு சொன்னாராம்."

பாடகர் அந்த வரிகளைத் தமக்குள்ளேயே ஒரு முறை முணுமுணுத்துப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "சரியாத்தான் சொல்லியிருக்கார். தம்பி, உட்காருங்க. பாடறேன்."

"இல்லைங்கய்யா. என் வாயை நம்ப முடியாது. நான் வெளிய நிக்கிறேன்."

அவன் வரிசையை விட்டு நடந்து, கதவைத் திறந்து வெளியே போய், சத்தமில்லாமல் சாத்தினான். பாடகர் வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையமர்த்தினார். எட்டாவது வரிசையைப் பார்த்தபடி, பேசுவது போல, வெறும் குரலில் பாடினார்.

*ஈரக் காலோடு நீ வந்தால் தரை கோபித்துக் கொள்ளுமா*
*ஆறிப் போன தேநீர் மீண்டும் அடுப்பேற மறுக்குமா*

அவ்வளவுதான். முகத்தைப் பொத்திக்கொண்டு அவள் அழுதாள். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் அவள் தோளில் கை வைத்து, எடுக்காமல் வைத்திருந்தார்.

கணவனுக்குத் தெரிந்திருக்கிறது. சுட வைக்க மாட்டேன் என்று சொல்லும்போதே அடுப்பு பற்றிவிடும் என்று தெரிந்திருக்கிறது. சேற்றுத் தடத்தைப் பார்த்து அவள் சீறிய அந்தக் காலையிலும், வாசல் தாண்டும்போது இந்த இரண்டு வரிகளைத் தெரிந்துகொண்டுதான் தாண்டியிருக்கிறான். நொந்து போகவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போயிருக்கிறான். தொண்டையில் இருந்த முள் கரைந்து கண்ணீரோடு இறங்கியது. கட்டிய கணவனுக்கும், குரல் போன பிறகும் ஊர் ஊராக வந்து பாடும் அந்தக் கிழவருக்கும், கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்கும் அவள் மனதுக்குள் கும்பிட்டாள்.

கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது சுவரோரம் நுரை இரண்டு காதுகளிலும் விரலை வைத்துக்கொண்டு நின்றான்.

"நீ எதுக்குப்பா காதை அடைச்சுக்கிட்டே?"

"உங்களுக்கு முன்னாடி நான் கேட்டா நல்லாவா இருக்கும்? கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன்."

"என் மேல கோவமா?"

"நீ ஊதலைன்னா எட்டாவது வரிசையில ஒருத்தி இருந்தான்னு அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குன்னு தனியா எதுக்குப் பாடப்போறார்? வா, பஸ் போயிடப்போகுது."

மறுநாள் காலை டீ இடைவேளையில் மெஷின்களை எல்லாம் நிறுத்தச் சொன்னாள். மகள் போனில் ஏற்றிக் கொடுத்திருந்த அந்தப் பாட்டைப் போட்டாள். இரண்டாவது சரணம் வந்ததும் நுரை முன்னெச்சரிக்கையாக ஒரு துண்டை வாயில் அழுத்திக்கொண்டான். இரண்டு வரிகளும் யாரும் மறைக்காமல் அந்தக் கூடத்தில் ஒலித்து முடிந்தன.

"இவ்வளவுதானாக்கா?" என்றான்.

"இவ்வளவுதான்பா."

"இதுக்கா என் உதடு இருபது வருஷம் காய்ஞ்சுது?" என்றவன், சொல்லி முடிப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோட்டோரம் அடுக்கியிருந்த துணியில் ஒன்றை இழுத்துக் கண்ணைத் துடைத்தான்.

"டேய், அது ஆஸ்பத்திரி விரிப்பு. இப்பதான் மடிச்சு வச்சேன்."

டீயை எடுக்க வந்தவன் வழக்கம் போல மஞ்சள் கோட்டில் நின்று கையை நீட்டினான். பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன நிக்கிறே? உள்ள வா" என்றாள்.

அவன் அவள் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு ஒரு காலை மெதுவாகக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தான். இன்னொரு காலையும் வைத்து, அவள் நின்ற இடம் வரை நடந்து வந்தான். உலர்ந்த தரையில் ஐந்து தடங்கள் பதிந்தன. ஸ்டீமக்கா அவற்றைப் பார்த்தாள். டீயை அவன் கையில் கொடுத்தாள். ஆறியிருந்தது. திரும்ப வாங்கிச் சுட வைக்கப் போனாள்.

போகிற வழியில் தரை துடைக்கும் துணியையும் எடுத்துக்கொண்டுதான் போனாள்.