தும்மிய பிணம்

எங்கள் ஹினோதானி ஊரில் தொமெஜி அண்ணனைப் போல் செத்தவர் யாரும் கிடையாது. வாள்வெட்டில் செத்திருக்கிறார், விஷம் குடித்துச் செத்திருக்கிறார், கூரையிலிருந்து உருண்டு விழுந்தும் செத்திருக்கிறார். சினிமாவில் அவருக்கு அதுதான் வேலை. காலையில் கியோத்தோவுக்கு ரயிலேறிப் போவார், கதாநாயகன் கையால் வெட்டுப்படுவார், சாயங்கால ரயிலில் பசியோடு திரும்பிவிடுவார். எல்லாமே குப்புற விழுந்த சாவு. அவர் முதுகைப் பார்க்காத சினிமா ரசிகன் இருக்க மாட்டான், முகத்தைத்தான் ஒருத்தனும் பார்த்ததில்லை.

அவர் வீட்டுக்கும், சோயாப் பாலில் செய்த தோஃபு கட்டி விற்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் சாயங்கால வேடிக்கை எனக்கு இலவசம். நடிப்பானாலும் சாவு சாவுதான், தீட்டு வாசல் தாண்டக் கூடாது என்று அவர் மனைவி ஃபுசாயே அக்கா உப்புக் கிண்ணத்தோடு நிற்பாள்.

"அங்கேயே நில்லுங்க! இன்னிக்கு எப்படிச் செத்தீங்க?"

"வயித்துல ஈட்டி."

"வலிச்சுதா?"

"ஈட்டி ரப்பர்டி. நீ எறியிற உப்புதான் கண்ணுல எரியுது!"

அவர் நடித்த படம் எதையும் அக்கா விடமாட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். புருஷன் திரையில் சாகும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. வறுத்த பட்டாணியை மென்றுகொண்டே, "அதோ அந்த மூலையில கெடக்கிறது நம்ம ஆளு" என்பாள்.

போன ஜூலையில்தான் அந்தக் கூத்து. எங்கள் ஊர்ச் சாமி சுசானோ, புயலுக்கு அதிபதி, முன்கோபக்காரர். வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கினால் அவருடைய சின்னம் தெரியும் என்பதால் திருவிழா மாதத்தில் நாங்கள் அதைத் தொடக்கூட மாட்டோம். திருவிழாவன்று அவர் பல்லக்கைத் தோளில் வைத்துக் குலுக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவோம். தொமெஜி அண்ணன் வருஷக்கணக்காகப் பின்கம்பில் நின்று அடுத்தவன் முதுகையே பார்த்துக்கொண்டு தூக்கியவர். இந்த வருஷம்தான் அவருக்கு முன்கம்பு கிடைத்திருந்தது. தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பார்த்தால், அதே வாரம் சினிமாக் கம்பெனி எங்கள் ஆற்றுக்கே வந்துவிட்டது! கோயிலுக்குக் கீழே இருக்கும் மடுவில் ஒரு படகுக்காரனின் பிணம் மிதந்து வர வேண்டும். மல்லாந்த பிணம். கேமரா அந்த முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்குமாம். அண்ணன் கடைக்குள் ஓடிவந்த வேகத்தில் என் கையிலிருந்த தோஃபு தரையில் சிதறிவிட்டது.

"ரிட்சு! மூஞ்சி! என் மூஞ்சியை எடுக்கப் போறாங்க!"

நான் திட்டுவதற்குள் பின்னாலேயே வந்து நின்றார் திருவிழாத் தலைவர் கன்பெய், அரிசி ஆலைக்காரர். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்னைக்கு எடுக்கிறாங்க?"

"திருவிழாவுக்கு முந்தின நாள், கன்பெய் அண்ணே."

"அந்த மடுத் தண்ணிய மொண்டுதானே விடிஞ்சதும் சாமி பல்லக்கைக் கழுவப் போறோம்! சாவு விழுந்த வீட்டுக்காரன் அந்த வருஷம் பல்லக்கைத் தொடக் கூடாது. நீ சாவு வீட்டுக்காரன்கூட இல்ல, பொணமே நீதான்! அதுல மிதந்துட்டு வந்து முன்கம்பைப் பிடிப்பியா? ரெண்டுல ஒண்ணு வச்சுக்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "போன வருஷம் இதே மாசம் கதவைச் சாத்திக்கிட்டு வெள்ளரிக்காய் ஊறுகாய் தின்னது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன். அவர் காது சிவந்ததே தவிர வார்த்தை மாறவில்லை. அண்ணன் முகம் நிஜமாகவே பிணம் போல ஆகிவிட்டது. வாழ்நாள் ஆசை இரண்டும் ஒரே வாரத்தில் வந்து, ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டால் மனிதன் என்ன செய்வான்?

அவரை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எங்கள் பூசாரி சிசாதோ, அண்ணனின் மகள் வயதுப் பெண். ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"படத்துக்கும் பூசை செய்ய என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க. நீங்க போய் உங்க வேலையைச் செய்ங்க தொமெஜி அண்ணே. தீட்டா இல்லையான்னு ஆறு சொல்லட்டும்."

"ஆறு பேசுமாம்மா?"

"கன்பெய் அண்ணன் வாயை மூடினா பேசும்."

படம் எடுக்கும் நாளில் ஊரே கரையில் இருந்தது. ஏதோ நானே மிதக்கப் போவது மாதிரி நான் தண்ணீர் ஓரத்துக்கே போய் நின்றுவிட்டேன். தீட்டு கழிக்க வெள்ளைக் காகித இழைகள் கட்டிய கோலை சிசாதோ கேமரா மேல் அசைத்தாள், விளக்குகள் மேல் அசைத்தாள், சாப்பாட்டுப் பெட்டிகளையும் விடவில்லை. அந்த டைரக்டரும் ஒரு மாதிரி ஆள். காற்றுக்கு மின்விசிறி வேண்டாம், வெயிலுக்கு விளக்கு வேண்டாம் என்று விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டார். மேகம் விலகும்வரை சும்மா நின்றார். ஆற்றுக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது எடுப்பாராம்.

மேகம் விலகியது. அண்ணன் மல்லாந்து படுத்து உடம்பைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டார். ஆறு அவரை மெல்லத் திருப்பியது, ஒரு பாறையில் இடித்தது, பிறகு விட்டது. மனிதர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.  ஃபுசாயே அக்காகூட பட்டாணி மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

அப்போது எங்கிருந்தோ வந்தது ஒரு வாலாட்டிக் குருவி! நேராக அண்ணன் நெஞ்சின் மேல் இறங்கியது. வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, கழுத்து, தாடை என்று நடந்து போனது. டைரக்டர் மூச்சுவிடாமல் கேமராக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார். குருவி தாடையில் நின்று யோசித்தது. பிறகு அண்ணனின் மூக்கில் நறுக்கென்று ஒரு கொத்து!

"ஹா...ச்ச்!"

மலை எதிரொலித்தது. குருவி பறந்தது. பிணம் தண்ணீருக்குள் போய், இருமிக்கொண்டு எழுந்து நின்றது. கரை மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டைரக்டர் மட்டும், "தும்மலுக்கு முன்னாடி வரைக்கும் போதும்! முகம் கெடச்சிடுச்சு!" என்று குதித்தார்.

கன்பெய் சிரிக்கவில்லை. "முகம் கெடச்சாச்சு. முன்கம்பு போச்சு."

சிசாதோ உடுத்தியிருந்த பூசை உடையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"கன்பெய் அண்ணே, ஆதியில நம்ம சாமியோட அப்பா இசானாகி எங்க போயிட்டு வந்தாரு?"

"செத்தவங்க உலகத்துக்கு. அது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"திரும்பி வந்து தீட்டு போக என்ன செஞ்சாரு?"

"ஆத்துல குளிச்சாரு."

"எதைக் கழுவினப்போ நம்ம சுசானோ சாமி பொறந்தாரு?"

கன்பெய் வாயைத் திறந்தார், மூடினார். கரையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "மூக்கை" என்றார் கடைசியில், முணுமுணுப்பாக.

"சாவுக்குப் போயிட்டு, ஆத்துல எழுந்து, மூக்கையும் சுத்தம் பண்ணிக்கிட்டு நிக்கிறாரு. இவருக்கு மேல நான் என்ன சுத்தம் செய்யிறது? நாளைக்கு விடிஞ்சதும் பல்லக்குத் தூக்குறதுக்கு முன்னாடி உங்க எல்லாரையும் இதே தண்ணியிலதான் முக்கப் போறேன். இவரு முந்திக்கிட்டாரு."

கன்பெய் ஆற்றைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மறுபடி ஒரு தும்மல் போட்டார். அவ்வளவுதான், அந்த அரிசி ஆலைக்காரர் சிரித்தார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ஃபுசாயே அக்கா வழக்கம்போல உப்புக் கிண்ணத்தோடு நின்றாள். ஆனால் கை ஓங்கவில்லை.

"இன்னிக்குச் செத்தீங்களா, இல்லையா?"

"தெரியலடி. பாதியில தும்மிட்டேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளே போய், மறுநாள் பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குச் சோற்று உருண்டை பிடிக்க அந்த உப்பைக் கையில் தடவிக்கொண்டாள்.

மறுநாள் சாமி வந்தார் பாருங்கள்! தெரு அதிர்ந்தது, என் கடைப் பலகைகள் அதிர்ந்தன. "வஷ்ஷோய்! வஷ்ஷோய்!" என்று ஊரே கத்த, நடுநடுவே அண்ணனின் தும்மல். ஆற்றுக் குளிரில் சளி பிடித்திருந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் கூட்டம் "சாமி!" என்று கூவியது. முன்கம்பு தோளில், மூக்கு சிவந்து, பல்லெல்லாம் தெரிய அவர் எங்களை நோக்கி நேராக வந்தார். அவர் முன்னால் மறைக்க ஒரு முதுகும் இல்லை.

என் பக்கத்தில் விசும்பல் கேட்டது. அத்தனை சாவுக்கும் அழாத ஃபுசாயே அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"மூஞ்சி தெரியுது ரிட்சு" என்றாள்.