குளவி ஏறாத உயரம்

அடிவாரத்துக் கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மேல்வீட்டுக்காரர். கேட்டால் மாடி வைத்துக் கட்டிய பணக்காரர் என்று தோன்றும். இருந்ததோ மரங்களே குட்டையாகிப்போகும் உயரத்தில் ஒரு தகரக்கூரை அறை. ஒரு கட்டில், ஒரு ஹீட்டர், ஜன்னலோரம் ஒரு மேஜை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொன்னவன் அந்த வளையில் ஒரு குளிர்காலம் இருந்து பார்த்திருக்க மாட்டான். சுற்றிலும் ஈ காக்கா கிடையாது. ஜீப்பில் சாமான் வரும் நாளில் டிரைவரைப் பிடித்துவைத்துப் பேசுவார். அவனோ ஒரு காலை ஜீப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு பதில் சொல்வான்.

வேலை, சிலந்தி பார்ப்பது. சிரிக்காதீர்கள், அதற்கும் சம்பளம் உண்டு. ஒரு ஆராய்ச்சி நிலையம் அந்த மலையில் அடிவாரம், நடுமலை, உச்சி என்று மூன்று இடங்களில் சிலந்திகளைக் கவனித்து வந்தது. வலைமேல் சோளமாவைத் தூவினால் கண்ணில் படாத இழையெல்லாம் வெள்ளையாகத் தெரியும். பிறகு சிலந்தியின் முதுகை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். கீழே ஒரு சின்னக் குளவி உண்டு. சிலந்தியைக் கொட்டிக் கொஞ்ச நேரம் அசையவிடாமல் செய்து, முதுகில் முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துவிடும். அதிலிருந்து வரும் புழு அங்கேயே உட்கார்ந்து சிலந்தியை உறிஞ்சி வளரும். சிலந்திக்கு எட்டுக் கால் இருந்தும் ஒன்றுகூட அந்த இடத்துக்கு எட்டாது. கடைசியில் சிலந்தி தன் வட்ட வலையை மறந்து, புழு கூடு கட்டித் தொங்கத் தோதாக நாலைந்து தடித்த இழைகளை இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாகும். நமக்குத் தெரிந்த சில மாப்பிள்ளைகள் இதையே கொஞ்சம் மெதுவாகச் செய்கிறார்கள்.

அடிவாரத்தில் இந்தக் குளவி ஏராளம், நடுமலையில் அரிது, உச்சியில் கிடையவே கிடையாது. அந்தக் குளிர் அதற்கு ஆகாது. சிலந்திக்கு ஆகும். அதனால் உச்சிச் சிலந்திகள் நிம்மதியாக இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்குத்தான் நிம்மதி இல்லை.

அவர் மனைவிக்கு நுரையீரல் பலவீனம். “ஒரு வாரம் உங்ககூட இருந்துட்டு வர்றேன்” என்று ஒரே ஒரு தடவை கிளம்பினாள். நடுமலையைத் தாண்டுமுன்னே உதடு நீலம் பாரித்துவிட்டது. வண்டியைத் திருப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் அடிவாரத்தில் மகள் வீட்டில், இவர் உச்சியில். அவள் மருந்து இவர் சம்பளத்தில் ஓடியது. வேலையை விட்டால் இந்த வயதில் யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப்போகிறார்கள்? சாயங்காலங்களில் போனில் பேசுவார்கள். பேச்சு தீர்ந்த பிறகும் இரண்டு பேரும் வைக்காமல் இருப்பார்கள்.

அப்படியிருக்க, நிலையத்துத் தலைவி ஒருநாள் சொன்னார்: “இந்த சீசனும் மேல ஒண்ணும் இல்லேன்னா அந்த எடத்த மூடிடலாம்ணே. நீங்க கீழயே வந்துடுங்க. இங்கயும் ஆள் வேணும்.”

செய்தியைக் கேட்ட மனைவி அன்றைக்கே அலமாரியில் அவர் துணிக்கு ஒரு தட்டைக் காலி செய்துவிட்டுப் போனில் சொன்னாள்.

“சீசன் இன்னும் முடியல” என்றார் இவர்.

“முடிஞ்ச மாதிரிதாங்க. இத்தன வருஷமா வராத குளவி இப்பவா வரப்போகுது?”

சீசனின் கடைசிச் சுற்று. பனிமூட்டம் விலகியிருந்தது. மாவு டப்பாவோடு புதர் புதராகப் போனார். வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கடைசிப் புதருக்கு முந்தின புதரில் நடுத்தரமான ஒரு சிலந்தி. லென்ஸை வைத்தார். முதுகில் வெளிறிய பொட்டு மாதிரி ஏதோ இருந்தது. மாவு விழுந்திருக்கும் என்று ஊதினார். போகவில்லை. லென்ஸைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். புழுதான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

அதன் அர்த்தம் அவருக்கு உடனே புரிந்தது. குளவி மேலே ஏற ஆரம்பித்துவிட்டது. இனி இந்த இடத்தை மூட மாட்டார்கள், வருஷா வருஷம் பார்ப்பார்கள். அந்தக் குளிரில் தங்கிப் பார்க்க இவரை விட்டால் ஆள் கிடையாது.

சட்டைப்பையில் பிரஷ் இருந்தது. எச்சில் தொட்டு லேசாகத் தள்ளினால் புழு விழுந்துவிடும். சிலந்தி பிழைத்துக்கொள்ளும், இவர் வீட்டுக்குப் போகலாம். ஒரே தட்டில் இரண்டு புண்ணியம். நானாக இருந்தால் தட்டிவிட்டிருப்பேன். அவரும் பிரஷை எடுத்தார், எச்சிலும் தொட்டார். இதைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் அவளைப் பிரிந்து கிடந்தது? இதையே இல்லை என்று சொல்லிவிட்டால், அப்புறம் அந்த வருஷங்களுக்கு என்ன பெயர்? பிரஷைத் திரும்பப் பைக்குள் போட்டார். அழுகை வந்தது. கேட்க ஆளில்லாததால் நன்றாகவே அழுதார்.

மனசு மாறுவதற்குள் தலைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அந்தம்மா சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். “அண்ணே! நெஜமாவா? எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா இது?”

“தெரியும் மேடம்.”

அடுத்து வீட்டுக்குப் போட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “குளவி வந்துடுச்சு” என்றார்.

அவள் மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது.

“அம்மாடி, அவ்ளோ ஒசரமா? அந்தத் துளியூண்டு பூச்சி ஏறி வந்துருச்சு. என்னால பாதி வழிகூட வர முடியலயே, ஏங்க.”

அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“அந்தத் தட்டுல என் துணியவே திரும்ப வெச்சுக்கவா?” என்று கேட்டாள்.

“வேணாம். காலியாவே இருக்கட்டும்.”

“தூசி படியுமே” என்றாள்.