ஸ்பேனர் அக்கா ஃபோர்க் மாற்றிய கதை

ஸ்பேனர் அக்காவுக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. லேத் பட்டறையில் பல வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, மேட்டுச் சாலை வந்து இறங்கும் முனையில் சொந்தமாகச் சைக்கிள் கடை போட்டவள். எந்தச் சைக்கிள் முனகினாலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவாள். அவளுக்கு அடங்காத சைக்கிள் ஒன்றே ஒன்றுதான், அது அவள் கணவருடையது. சைக்கிள் மேல் குற்றமில்லை, மேலே உட்கார்ந்திருந்த மனுஷர்தான் கோளாறு.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். இருட்டறையில் உட்கார்ந்து நாள் முழுக்க "இது தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று கேட்டுச் சலித்தவர், சாயங்காலம் ரேஸ் சைக்கிளில் ஏறியதும் வேறு ஆளாகிவிடுவார். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் ஊசியில் நூல் கோப்பதுபோல நுழைவார். போன முறை விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். அக்கா ஊட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள், ஆசை தீரத் திட்டினாள். கட்டுப் பிரித்த அன்றே மனுஷர் சைக்கிளைத் தேடினார். இவர் இல்லாமல் தனக்கு ஒரு நாளும் ஓடாது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்றும் தெரியும்.

சொல்லித் திருந்தாதவரை ஸ்பேனரால் திருத்துவது என்று முடிவு கட்டினாள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், அந்தச் சைக்கிளில் நுனியில் நன்றாக முன்னால் வளைந்திருந்தது. அதனால் ஹேண்டில் தொட்டாலே திரும்பும். வளைவு குறைந்த ஃபோர்க்கைப் போட்டால் சக்கரம் ஒரு விரல் அகலம் பின்னால் வரும், வண்டி நேர்கோட்டை விட்டு நகரவே யோசிக்கும். அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்து, அதே நீலச் சாயம் அடித்து மாட்டிவிட்டாள். ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிறவர் அதைக் கவனிக்கவே இல்லை.

சைக்கிள் இப்போது சந்துபொந்தில் நுழைய மறுத்தது. வேறு வழியில்லாமல் மனுஷர் பஸ்ஸுக்குப் பின்னால் பொறுமையாக நின்று போகப் பழகினார்.

"வயசாக ஆக ஒரு நிதானம் வருது, கவனிச்சியா?" என்றார் சாப்பிடும்போது.

"ஆமாங்க, வருது" என்று அக்கா சிரிப்பை விழுங்கினாள்.

மாமியார் போனில், "சின்னப் பிள்ளையிலேயே எம் பையன் நிதானந்தான்" என்றார். கண் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குப் பொறுமையைப் பற்றி இலவச உபதேசமும் நடந்தது. இத்தனை அருமையான வேலையைச் செய்துவிட்டு வெளியே சொல்ல முடியாமல் அக்காவுக்கு நாக்கு அரித்தது.

ஒரு சாயங்காலம் கடை வாசலில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாள். மேட்டிலிருந்து கணவர் இறங்கி வந்தார். இரண்டு கையும் இடுப்பில்!

"பாத்தியா, கையே வேணாம்! எல்லாம் மனசை ஒரு நிலையில வெச்சிருக்கறதுதான்!"

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. பழைய ஃபோர்க்காக இருந்தால் கையை எடுத்ததுமே ஆட்டம் காட்டி ஹேண்டிலைப் பிடிக்க வைத்திருக்கும். இது விட்ட வழியில் நேராகப் போகிறது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"மொதல்ல இறங்குங்க!" என்று கத்தினாள். "நிதானமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாந்தான் ஃபோர்க்கை மாத்தினேன். உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? பயந்துபோய் மாத்தினேன்."

கணவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். ஃபோர்க்கைத் தடவினார். முகம் சின்னதாகிவிட்டது.

"நீயேவா மாட்டின?"

"பின்ன?"

"போல்ட்டெல்லாம் சரியா முறுக்கினியா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் ஏறி, ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தபடி, ஓரமாக, மெல்ல வீட்டுக்குப் போனார். தன் மனசை நம்பி இரண்டு கையையும் விட்டவர், பெண்டாட்டி செய்த வேலையை நம்பி ஒரு விரலைக்கூட எடுக்கவில்லை.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரோஷம் வந்தது.